உங்கள் வரிக் கணக்கில் இருப்பது யாருடைய செல் எண்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் செய்யும் வேலைகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை ஒரு போல்டரில் சேர்ப்பார்கள். பழைய பாடல்களைத் தேடிக் கேட்பார்கள். ரயில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் தைரியம் வந்ததும் மின் கட்டணம், பேங்க் வேலை என்று போவார்கள். வருமான வரி அதற்கெல்லாம் பிறகுதான். அங்கே போகும்போது மட்டும் கை நடுங்கும். நடுங்குவதில் தவறில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பயப்படுகிறோம் என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விருதுநகரில் இருக்கும் என் பெரியப்பா 2025 ஜூன் மாதம் ஒரு லேப்டாப் வாங்கினார். அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கு வழக்கில் கறார் பேர்வழி. பால் பாக்கி, பேப்பர் பாக்கி எல்லாம் டைரியில் இருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் செய்தார்.

"ஏம்ப்பா, இன்கம்டாக்ஸ்ல இருந்து ரீபண்ட் வந்திருக்குன்னு மெயில் வந்திருக்கு. பேங்க் அக்கவுண்ட் நம்பரைச் சரிபார்க்கணுமாம். என் பேரு, பான் நம்பர் எல்லாம் கரெக்டா போட்டிருக்கான். கிளிக் பண்ணிடட்டுமா?"

"பெரியப்பா, முதல்ல மவுஸ்ல இருந்து கையை எடுங்க" என்றேன்.

அந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். போலிதான். சந்தேகமே இல்லை. பெரியப்பாவிடம் சொன்னதும் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "பான் நம்பர் சரியா இருக்கே, அப்புறம் எப்படி பொய்யாகும்?"

நியாயமான கேள்வி. நம்மில் பலர் ஏமாறுவது இந்த ஒரு கேள்வியில்தான். எதிராளிக்கு நம் பெயர் தெரிகிறது, பான் எண் தெரிகிறது, பிறந்த தேதி தெரிகிறது. அப்படியானால் அவர் அலுவலகத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

பான் எண் ஒரு ரகசியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ரகசியமே அல்ல. உங்கள் பான் அட்டையின் ஜெராக்ஸ் இதுவரை எத்தனை இடங்களுக்குப் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேங்க், நகைக்கடை, சொந்த வண்டி வாங்கிய ஷோரூம், பத்திரப் பதிவு, கடன் வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்த பையன், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்ன இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இவற்றில் எத்தனை பேர் வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்? ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்தது என்று ஒதுக்கிப்போட்ட பிரதி எங்கே போனது?

அந்த ஒரு அட்டையில் என்னென்ன இருக்கின்றன என்றும் பாருங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ, கையெழுத்து, 10 இலக்க எண். அந்த 10 இலக்கங்களிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஐந்து ஆங்கில எழுத்துகள், அடுத்து நான்கு எண்கள், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர். ஐந்தாவது எழுத்து, பதிவில் இருக்கும் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போய்விடுவதால், பலருடைய பான் எண்ணில் அப்பாவின் எழுத்துதான் உட்கார்ந்திருக்கும். (என்னுடையதிலும் அப்படித்தான்.)

வருமான வரித் துறையின் இணைய தளத்தில் லாகின் செய்திட யூசர் ஐடி எது தெரியுமா? இதே பான் எண்தான். அதாவது உங்கள் யூசர் ஐடி ஊர் முழுக்க ஜெராக்ஸாகக் கிடக்கிறது. இ-பான் பைலைத் திறக்கப் பாஸ்வேர்ட் என்ன? பிறந்த தேதி. வரித் தாக்கல் செய்த பின் எனக்கு வந்த இன்டிமேஷன் பைலுக்குப் பாஸ்வேர்ட், பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து அதனுடன் பிறந்த தேதி. இரண்டுமே அந்த அட்டையில் அச்சாகியிருக்கின்றன. சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். பூட்டும் சாவியும் ஒரே அட்டையில். பிறகு எது நம்மைக் காப்பாற்றுகிறது? அந்தப் பைல்களும் ஓடிபி எண்ணும் வந்து சேரும் இ-மெயில் முகவரியும் செல் எண்ணும்தான். உண்மையான சாவி அவைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

முதலில் இந்த ரீபண்ட் மோசடி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2023-ல் ஒரு குறுஞ்செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. உங்களுக்கு 15,490 ரூபாய் ரீபண்ட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, விரைவில் வரவு வைக்கப்படும், உங்கள் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள் என்று ஒரு எண்ணைப் போட்டு, தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்கில் திருத்துங்கள் என்று முடித்திருந்தார்கள். அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. இதில் சூழ்ச்சி எங்கே என்று கவனியுங்கள். அவர்கள் போட்டிருக்கும் கணக்கு எண் உங்களுடையது அல்ல. அது தவறாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் திட்டமே. "ஐயையோ, என் பணம் வேறு யாருக்கோ போய்விடுமே" என்று பதறி நீங்களே உங்கள் சரியான எண்ணைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். 15,490 என்ற தொகையும் அப்படித்தான். லட்சம் என்றால் சந்தேகம் வரும். ஐநூறு என்றால் விட்டுவிடுவோம். பதினைந்தாயிரம் என்றால், இருக்கலாமோ என்று தோன்றும்.

இதைவிட மோசமானது 'டிரினிக்' என்ற மால்வேர். 2021 செப்டம்பரில் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது இது. முதலில் குறுஞ்செய்தியில் ஒரு லிங்க் வரும். கிளிக் செய்தால் வருமான வரித் துறையின் தளத்தைப் போலவே ஒரு பக்கம். அங்கே ஒரு ஏபிகே பைலை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் இன்ஸ்டலேஷன் பைலை, டவுண்லோட் செய்யச் சொல்வார்கள். இன்ஸ்டால் செய்யும்போது குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அழைப்புப் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கேட்கும். நாம் வழக்கம்போல் 'அலோ' என்று தட்டிக்கொண்டே போவோம். பிறகு பெயர், பான், ஆதார், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், டெபிட் கார்டு எண், அதன் பின்னால் உள்ள சிவிவி, பின் நம்பர் வரை ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் கொடுத்த பிறகு, இவ்வளவு ரீபண்ட் இருக்கிறது, உங்கள் கணக்குக்கு மாற்றலாமா என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஏதோ பிழை என்று சொல்லி, அப்டேட் நடப்பது போல ஒரு திரை ஓடும். அந்தத் திரை ஓடும் நேரத்தில் உங்கள் விவரங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். நாம் அப்டேட் முடியட்டும் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்போம்.

இந்த மாதிரி விஷயங்களில் என் துறை நண்பர்களும், ஏன், பத்திரிகைகளும் ஆண்டாண்டு காலமாக ஓர் அறிவுரை சொல்லி வருகிறோம். எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள், இலக்கணம் தப்பாக இருந்தால் போலி, பிரவுசரில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பானது. இந்த அறிவுரையை இனிமேல் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று ஏஐ மென்பொருளிடம் கேட்டால் பிழையில்லாத ஆங்கிலத்தில் மட்டுமல்ல, நல்ல தமிழிலேயே கடிதம் எழுதிக் கொடுத்துவிடும். பெரியப்பாவுக்கு வந்த மெயிலில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. நான் ஆபீசில் அனுப்பும் மெயில்களைவிட நன்றாக இருந்தது.

பூட்டுப் படமும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று பொருள் இல்லை. அந்தச் சான்றிதழைக் காசு இல்லாமலே வாங்கலாம், திருடனும் வாங்கலாம். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லித்தான் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரிலிருந்து கூகுள் நிறுவனம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஓர் ஐகானை வைத்தது.

அனுப்பியவர் பெயரைப் பார்த்தும் பயனில்லை. மெயிலில் தெரியும் பெயர் என்பது அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வது. நான் நாளைக்கே 'வருமான வரித் துறை' என்று பெயர் வைத்து உங்களுக்கு மெயில் அனுப்ப முடியும்.

தள முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லதுதான். லிங்க் மீது மவுஸை வைத்தால் (கிளிக் செய்யாமல்) கீழே முகவரி தெரியும். அதில் தொடக்கத்தில் வரும் இரண்டு சாய்கோடுகளை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் புள்ளி, ஜிஓவி, புள்ளி, ஐஎன் என்று முடிந்தால் அது அரசுத் தளம். அந்த முகவரியை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் தருகிறார்கள். புள்ளிக்குப் பதில் நடுவில் கோடு போட்டு 'ஜிஓவி-ஐஎன்' என்று எழுதிவிட்டு அதன் பின்னால் வேறு பெயர் வந்தால் அது வேறு யாரோ. கண்ணாடி போட்டால் தெரியும், போடாவிட்டால் தெரியாது. அவர்கள் நம்பியிருப்பதே நாம் கண்ணாடி தேடாத அந்த நேரத்தைத்தான்.

அதனால் பெரியப்பாவுக்கு நான் இதை எதையும் பாடமாக நடத்தவில்லை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொன்னேன். மெயிலில் வரும் லிங்க் வழியாக எந்தப் பணம் சம்பந்தப்பட்ட தளத்துக்கும் போகாதீர்கள். மெயிலை மூடிவிட்டு, பிரவுசரைத் திறந்து, முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். இன்கம்டாக்ஸ், சேர்த்து ஒரே சொல்லாக, பிறகு டாட் ஜிஓவி டாட் ஐஎன். ஒருமுறை சரியாகப் போய்விட்டால் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் மாதம் முதல் வரித் தாக்கலுக்கான தளம் இதுதான். லாகின் செய்து உள்ளே போனால், உங்களுக்கு உண்மையில் ரீபண்ட் இருந்தால் அங்கே தெரியும். நோட்டீஸ் இருந்தாலும் அங்கே தெரியும். ரீபண்ட் பணம் நீங்கள் அங்கே சரிபார்த்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குத் தானாக வரும். அதற்கு டெபிட் கார்டு எண்ணோ, பின் நம்பரோ, பாஸ்வேர்டோ துறை மெயிலில் கேட்பதே இல்லை. துறையே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது.

நோட்டீஸ் என்று ஒரு பிடிஎப் பைல் வந்து பயமாக இருந்தாலும் வழி இருக்கிறது. 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த எண் உண்மையானதா என்று தளத்தின் முகப்பிலேயே, லாகின் செய்யாமலே சரிபார்க்கலாம். அப்போது உங்கள் செல்லுக்கு ஓர் ஓடிபி வரும். ஓடிபி என்றதும் பயப்பட வேண்டாம். நீங்களாக நடந்து போன வாசலில் கேட்கும் ஓடிபி வேறு, போனில் ஒருவர் பேசிக்கொண்டே கேட்கும் ஓடிபி வேறு.

சரி, பெரியப்பா கதைக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையிலேயே ரீபண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று, அவரை முகவரியை டைப் செய்யச் சொன்னேன். பாஸ்வேர்ட் தெரியவில்லை. மறந்துவிட்டார் என்றால் பரவாயில்லை. அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. "அது கடைக்காரர்கிட்ட இருக்கும்ப்பா" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், வருமான வரித் தாக்கல் எல்லாம் அங்கே. ஐந்து ஆண்டுகளாகப் பெரியப்பாவின் கணக்கைத் தாக்கல் செய்தவர் அவர்தான். சரி, ஓடிபி மூலம் பாஸ்வேர்டை மாற்றலாம் என்று பார்த்தால், பதிவாகியிருந்த செல் எண்ணின் கடைசி எண்கள் பெரியப்பாவுடையவை அல்ல. இ-மெயில் முகவரியும் அவருடையது அல்ல. இரண்டும் கடைக்காரருடையவை. நல்ல வேளையாக ஆதாரில் பெரியப்பாவின் சொந்த செல் எண் இருந்தது. ஆதார் ஓடிபி வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனோம்.

உள்ளே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 2024 ஜூலையில் தாக்கல் செய்த கணக்கில், பெரியப்பா ஓர் அரசியல் கட்சிக்கு 60 ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்ததாக வரிச் சலுகை கேட்கப்பட்டிருந்தது. கட்சிக் கூட்டத்துக்கு மைக் செட் வைத்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர் அவர். அந்தப் பொய் நன்கொடையால் 12,480 ரூபாய் கூடுதல் ரீபண்ட் வந்திருக்கிறது. "இந்தத் தடவை நல்லா வாங்கிக் கொடுத்தேன் சார்" என்று சொல்லிக் கடைக்காரர் 2 ஆயிரம் வாங்கியிருக்கிறார். இவரும் மகிழ்ந்து கொடுத்திருக்கிறார். அந்த நன்கொடையைத் தெளிவாகக் காட்டும் இன்டிமேஷன் கடிதம் துறையிலிருந்து ஒழுங்காக வந்திருக்கிறது, அந்தக் கடையின் மெயில் பெட்டிக்கு.

போலிக் கடிதம் பெரியப்பாவின் பெட்டிக்கு நேராக வந்தது. அசல் கடிதம் ஒரு வருடமாக வேறு ஒருவர் பெட்டியில் திறக்காமல் கிடந்தது. இதைவிட வேறு என்ன சொல்ல?

இது விருதுநகரில் மட்டும் நடந்த கதை அல்ல. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள்தான் இலக்கு. இவர்கள் கூட்டம் கூட்டமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மெயில் முகவரிகளை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் துறையின் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே போகின்றன என்று துறை தன் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் தங்கள் கணக்குகளைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த 40 ஆயிரம் பேரில் எத்தனை பேர் தெரிந்து செய்தார்கள், எத்தனை பேர் என் பெரியப்பாவைப் போல என்று நினைத்துப் பார்க்கிறேன். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டர் மூலம் திருத்தப்பட்ட கணக்கைத் தாக்கல் செய்தோம். வந்த ரீபண்டைத் திருப்பிக் கட்டி, வட்டியும் கட்டி, கூடுதலாக 25 சதவீதமும் கட்டியதில் 16 ஆயிரத்துக்கு மேல் போனது. 34 வருட சர்வீசில் ஒரு மெமோ வாங்காதவர். பணத்தைவிட அதுதான் அவருக்கு வலித்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

ஆடிட்டர்களையும் கடைக்காரர்களையும் ஒட்டுமொத்தமாகக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ஆடிட்டர் செய்த முதல் வேலையே, பெரியப்பாவின் செல் எண்ணையும் மெயிலையும் கணக்கில் பதிவு செய்யச் சொன்னதுதான். "எனக்கு வேண்டியது உங்கள் காகிதங்கள், உங்கள் சாவி இல்லை" என்றார். வேலையை மற்றவரிடம் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் பழகாத காலத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் இப்போது வீட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, அந்தச் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். லாகின் செய்து, 'மை புரொபைல்' பகுதியில் தொடர்பு விவரங்களைப் பாருங்கள். முதன்மை செல் எண்ணும் மெயிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ரீபண்டுக்காகக் குறிக்கப்பட்ட வங்கிக் கணக்கையும் அங்கேயே பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'இ-பைலிங் வால்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்தவர் உள்ளே வர முடியாது. ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் போன்று நீங்கள் தேர்ந்தெடுத்த வழியும் வேண்டும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய செல் எண் எங்காவது பதிவில் இருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். மெயிலுக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்ட், வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தாதது, வைத்துக்கொண்டு இரண்டு படி சரிபார்ப்பையும் இயக்கி விடுங்கள். மெயில் போனால் எல்லாம் போனது போல்தான்.

இனி, ஏற்கனவே ஊரெல்லாம் போய்விட்ட ஜெராக்ஸ்களை என்ன செய்வது? திரும்ப வாங்க முடியாது. ஆனால் அவற்றை வைத்து யாராவது ஏதாவது செய்தார்களா என்று பார்க்க முடியும். கூலி வேலை செய்பவருக்குக் கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் என்று அவ்வப்போது பேப்பரில் படிக்கிறோமே, அதெல்லாம் இப்படித்தான். அவர் பான் எண்ணில் யாரோ ஒரு கம்பெனியை நடத்தியிருப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் 'பான் வழியாகத் தேடுதல்' என்ற வசதியில் உங்கள் எண்ணைக் கொடுத்தால், அதில் யாராவது வணிகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். லாகின் தேவையில்லை.

இன்னொன்று ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வந்தது. வட்டி, டிவிடெண்ட், சொத்து வாங்கியது விற்றது என்று உங்கள் பான் எண்ணின் பெயரில் துறைக்கு வந்து சேர்ந்த தகவல்கள் இதில் இருக்கும். எனக்கு மாதச் சம்பளமே வரவில்லை, நான் ஏன் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வருமானம் இல்லாதவர் பெயரில் வருமானம் தெரிந்தால் அதுதான் முதல் தடயம். தவறான வரிகள் இருந்தால் 'இது என்னுடையது அல்ல' என்று அங்கேயே பதில் தரலாம். சம்பளக்காரர்கள் சிலர் வாடகைச் சலுகைக்காக யாரோ ஒருவருடைய பான் எண்ணை வீட்டு உரிமையாளர் எண் என்று எழுதிக் கொடுத்த விவகாரம் 2024-ல் வெளிவந்தது. அப்படி எழுதப்பட்டவர்களுக்கு, தங்களுக்கு வாடகை வருகிறது என்பதே தெரியாது.

கடன் விஷயமும் உண்டு. 2022-ல் ஒரு செயலி வழியாகத் தங்கள் பான் எண்ணில் வேறு யாரோ கடன் வாங்கியிருப்பதாகப் பலர் புகார் சொன்னார்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அவர்கள் தளத்தில் பணம் கட்டச் சொல்லும் திட்டங்கள்தான் பெரிதாகக் கண்ணில் படும். இலவச அறிக்கைக்கான லிங்க் ஓரத்தில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்க்க, தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் 2023 முதல் இருக்கிறது. நான் பார்த்தபோது என் பெயரில் கூடுதலாக ஒரு சிம் இருந்தது. திருடன் இல்லை, கல்லூரியில் படித்தபோது அறை நண்பனுக்கு வாங்கிக் கொடுத்தது.

இனிமேல் கொடுக்கும் ஜெராக்ஸில், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுத்துகள் மேல் படும்படி குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை டவுண்லோட் செய்யலாம். சில இடங்களில் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பணமே போய்விட்டது என்றால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. பேங்க் திறக்கும் வரை, மகன் வேலை முடிந்து வரும் வரை காத்திருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும், சீக்கிரம் சொன்னால்தான் நடுவில் நிறுத்தி வைக்க முடியும். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் ஐஎன் தளத்திலும் புகார் தரலாம். போலி மெயில் மட்டும் வந்திருந்தால், அதை வெப்மேனேஜர் என்ற பெயரில் வருமான வரித் துறை வைத்திருக்கும் மெயில் முகவரிக்கு அப்படியே பார்வர்ட் செய்திடலாம். நாங்கள் செய்தோம்.

பெரியப்பா இப்போது மாதம் ஒருமுறை தானே லாகின் செய்து பார்த்துவிட்டு, டைரியில் தேதி போட்டு 'பார்த்தேன், ஒன்றுமில்லை' என்று எழுதி வைக்கிறார். காலையில் அவருடன் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் இரண்டு பேரும் அதே கடையில்தான் தாக்கல் செய்தவர்கள். ஒருவர் மறுநாளே போய் எண்ணை மாற்றிக்கொண்டார். இன்னொருவர், "வருஷா வருஷம் ரீபண்ட் வாங்கிக் கொடுக்கிறான், அதை ஏன் கெடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் கணக்கில் எந்த நன்கொடை எழுதப்பட்டிருக்கிறது, துறையிலிருந்து அவருக்கு என்ன கடிதம் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருடைய ஓடிபி இன்னும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.